பனங்கட்டி போட்ட பியர்

"வாங்க மாட்டன் எண்டுதான் நேர்ந்தனான். காய்ச்ச மாட்டன் எண்டு எங்கை சொன்னனான்? எங்கை சொன்னனான் எண்டு கேக்கிறன்!"

குசினிக்குள் நின்று நீக்கிலாப்பிள்ளை இப்படிக் கத்தியபோது அவருடைய ஒரு கையில் மூடி போட்ட வெள்ளை வாளி இருந்தது. மற்றக் கையில் ஒரு பெட்டி. பெட்டியின் மேல் ஒரு தாடிக்காரன் வைக்கோல் தொப்பியோடு, நுரை வழிகிற கிளாஸைத் தூக்கிப் பிடித்துச் சிரித்துக்கொண்டிருந்தான். றோசா அவனையும் பார்த்தாள், புருசனையும் பார்த்தாள். கையில் இருந்த அகப்பையைக் கீழே வைக்கவில்லை.

"வெக்கமில்லையே உங்களுக்கு? அந்தோனியாருக்கு முன்னாலை மெழுகுதிரி பிடிச்சுக்கொண்டு சொன்ன வாய்தானே இது?"

"அதே வாய்தான். என்ன சொன்னனான்? காசு குடுத்து ஒரு போத்தல் குடிவகையும் வாங்க மாட்டன், ஆரும் வாங்கித் தந்தாலும் தொட மாட்டன். அவ்வளவுதான். இதுக்குள்ளை போத்தல் இருக்கோ? திறந்து பாரும். மாவும் பாணியும்தான் கிடக்கு."

"அக்கா, கேட்டியளே கதையை?" என்று றோசா என் பக்கம் திரும்பினாள்.

"மச்சாள், நீங்கள் நியாயத்தைச் சொல்லுங்கோ," என்றார் அவர்.

நான் கறிவேப்பிலை கேட்டு மேலே ஏறி வந்தவள். "அந்தோனியார் கோட்டிலை வாதாடுற அப்புக்காத்து இல்லை, நீக்கிலா," என்றேன். "உம்மடை வாளியைப் பாத்து அவருக்கே சிரிப்பு வரும்."

இந்த மனிசனுடைய கதையை வேறு ஒருத்தரும் சொல்லப் போவதில்லை. சொல்லுகிற அளவுக்கு அவர் ஒன்றும் வெட்டிப் புடுங்கவுமில்லை. என் புருசனின் கடைசித் தம்பி. என் புருசன் போய்ச் சேர்ந்தபோது இந்த ஆளை எனக்கு விட்டுவிட்டுப் போய்விட்டார். மொன்றியலில் பார்க் எக்ஸ் பகுதியில் மூன்று மாடி வீடு. நடு மாடியில் நான், மேல் மாடியில் அவர்கள். தலைக்கு மேலே கேட்கிற நடையை வைத்தே ஆளுக்கு இன்றைக்கு என்ன விசர் பிடித்திருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

பாசையூர்க் கடற்கரையில் பிறந்தவர். வள்ளத்தில் ஏறினால் சத்தி எடுப்பார். அது கடலுக்கு உதவாது என்று தகப்பன் ஜெர்மனிக்கு அனுப்பினார். ஜெர்மன்காரன் திருப்பி அனுப்பப் பார்க்க, எண்பத்தேழில் இங்கே வந்து விழுந்தார். விழுந்த நாளிலிருந்து ஒரு பாண் பக்டறியில் வேலை. அங்கே மாவை மெஷின் பிசையும், மெஷின் வெட்டும், மெஷின் சுடும். நீக்கிலாப்பிள்ளை பக்கத்தில் நின்று பார்ப்பார். கேட்டால், "மொன்றியலிலை பாதிச் சனம் என்ரை பாணைத்தான் தின்னுது, மச்சாள்," என்பார்.

ஒன்றில் நிற்கிற ஆளும் இல்லை. ஒரு மாரிக்கு ஆற்றுப் பனிக்கட்டியில் ஓட்டை போட்டு மீன் பிடிக்கப் போகிறேன் என்று தூண்டிலும் கூடாரமுமாகப் போனார். மீனும் இல்லை, திரும்பி வந்தபோது சுண்டுவிரலில் உணர்வும் இல்லை. அந்தக் கூடாரம் இன்னும் என் பல்கனியில்தான் கிடக்கிறது. பிறகு பாட்டுப் பாடுகிற மெஷின் ஒன்று வந்தது. அதைக் கீழ் மாடிக் கிரேக்கக் கிழவி பொலிஸைக் கூப்பிட்டு நிறுத்தினாள். அவள் நல்லாயிருக்க வேண்டும்.

நேர்த்திக்கடன் கதை இப்படி. மகள் பிரியந்தியின் கலியாணம் புரோசார்ட்டில் ஒரு மண்டபத்தில் நடந்தது. ஆள் நன்றாக ஏற்றிக்கொண்டு மேடைக்குப் போய் மைக்கைப் பிடுங்கினார். பிள்ளைகளை ஆசீர்வதிக்கப் போகிறார் என்று நாங்கள் எல்லாரும் எழும்பி நின்றோம். அவர் மாப்பிள்ளையின் தகப்பன் செபஸ்தியாம்பிள்ளையைக் கையால் காட்டி, அந்த மனிசன் சீதனமாக என்னென்ன கேட்டது, தான் அதை எப்படி எப்படிக் குறைத்தது, காரின் நிறம் வரைக்கும் நடந்த பேரம் எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னார். சொன்னது அத்தனையும் உண்மை. அதுதான் பெரிய பிழை.

றோசா அடுத்த நாளே லவாலில் இருக்கிற தங்கச்சி அஞ்சலீனா வீட்டுக்குக் கோபித்துக்கொண்டு போய்விட்டாள். அந்தக் காலத்தில் லவாலுக்கு பஸ் பிடித்துப் போவது கரைச்சல். அதனால் கோபித்துக்கொண்டு போனவளைக் காரில் கொண்டுபோய் இறக்கிவிட்டதும் இவர்தான். உடுப்புப் பெட்டியைக்கூட மேலே தூக்கிக் கொடுத்தாராம். பிறகு கிழமைக்குக் கிழமை போய் அஞ்சலீனாவின் வாசலில் நின்றார். கடைசியில் அந்தோனியார் திருநாளன்று கோயிலுக்குக் கூட்டிப்போய், மெழுகுதிரியைக் கையில் கொடுத்து, றோசா சொல்லுக்குச் சொல் சொல்லிக்கொடுக்க, அவர் திருப்பிச் சொன்னார். கடையில் விற்கிற சாமானை வீட்டுக் குசினியில் காய்ச்சலாம் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

ஒரு வருசத்துக்கு மேல் அவர் தொடவில்லை. அதைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் தொடாததை ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். அது குடித்துவிட்டுத் திரிந்ததைவிடக் கரைச்சலாக இருந்தது.

இரண்டாயிரத்து ஏழில் பிரியந்திக்கு ஆண் குழந்தை பிறந்தது. ஒக்டோபரில் ஞானஸ்நானம், விருந்து இவர்கள் வீட்டில். செபஸ்தியாம்பிள்ளை வருவார். அந்த மனிசனுக்கு முன்னால் மைக்கில் விட்ட மானத்தை எப்படிப் பிடிப்பது என்று இவர் யோசித்துக்கொண்டிருந்த நேரம், பக்டறியில் கூட வேலை செய்கிற றெஜான் என்கிற கியூபெக்காரன் வந்து காதில் ஓதியிருக்கிறான். பெட்டி ஒன்று வாங்கினால் எல்லாம் அதற்குள் இருக்கும், காய்ச்சி வைத்தால் போதும், கடையில் கிடைக்காத சாமான், வந்தவர்கள் வாயைப் பிளப்பார்கள் என்று. வாய் பிளந்ததுதான். அதைப் பிறகு சொல்கிறேன்.

அன்றைக்குக் குசினியில் றோசா கடைசியில் அகப்பையைக் கீழே வைத்தாள்.

"சரி. காய்ச்சுங்கோ. ஆனால் ஒண்டு சொல்லிப்போட்டன். கடைப் போத்தல் ஒண்டு இந்த வாசல் தாண்டினால் நான் அஞ்சலீனா வீட்டை போயிடுவன். பேந்து அந்தோனியார் இறங்கி வந்து கூப்பிட்டாலும் திரும்பி வரன். இப்ப லவாலுக்கு மெட்றோவும் வந்திட்டுது. உங்கடை கார் எனக்குத் தேவையில்லை."

அவருடைய முகம் அப்போதுதான் மாறினது. மெட்றோவை அவர் நினைக்கவில்லை.

"கடைப் போத்தல் ஒண்டும் வராது," என்றார். "வந்தால் என்ரை பேர் நீக்கிலாப்பிள்ளை இல்லை."

"பேரை மாத்தி என்னத்துக்கு? ஆள் அதே ஆள்தானே," என்றேன் நான்.

காய்ச்சுகிற நாள் சனிக்கிழமை. றெஜான் செய்து காட்ட வந்திருந்தான். நல்ல உடம்பு, சிவந்த கழுத்து, வாசலிலேயே சப்பாத்தைக் கழற்றி வைக்கத் தெரிந்தவன். அவன் பிரெஞ்சில் சொல்ல, இவர் அதைத் தமிழில் எனக்கும் றோசாவுக்கும் சொன்னார். நாங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொன்னார். இது பெல்ஜியத்தில் தோட்டக்காரர் காய்ச்சுகிற பியராம். மாரியில் காய்ச்சி வைத்து, கோடையில் வயலில் வேலை செய்கிற ஆட்களுக்குக் கொடுப்பார்களாம்.

"உழைப்பாளியின்ரை குடி, மச்சாள். தோட்டத்திலை இறங்கி வேலை செய்யிறவனுக்குத்தான் இதின்ரை அருமை தெரியும்."

"நீர் எந்தத் தோட்டத்திலை இறங்கினனீர்? மண்வெட்டியை எந்தப் பக்கத்தாலை பிடிக்கிறதெண்டு தெரியுமே உமக்கு?"

அவர் அதைக் கேட்காததுபோல வாளியைக் கழுவினார். அந்த வாளியைக் கழுவினதைப் பார்க்க வேண்டும். ஏதோ ஒரு தூளைத் தண்ணீரில் கரைத்து, உள்ளே, வெளியே, மூடி, கரண்டி, தன் கை முழங்கை வரைக்கும் என்று சத்திரசிகிச்சைக்குப் போகிற டொக்டர்மாதிரிக் கழுவினார். கிருமி ஒன்று பட்டாலும் பியர் பழுதாகிவிடுமாம். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக் குளிக்கச் சொன்னால் முகம் மட்டும் கழுவிக்கொண்டு வருகிற ஆள் இது.

பெட்டிக்குள்ளிருந்து இரண்டு பெரிய ரின் வந்தது. திறந்தால் தார்மாதிரி ஒரு பாணி. பாளி என்கிற தானியத்தை முளைக்க வைத்து எடுக்கிறதாம். பிறகு ஒரு பக்கெற் பச்சை உருண்டை. ஹொப்ஸ் என்கிற பூவை அரைத்து உருட்டினதாம். பார்த்தால் ஆட்டுப் புழுக்கை. கசப்புக்குப் போடுகிறதாம். கொஞ்சம் மல்லி, கொஞ்சம் தோடம்பழத்தோல். மல்லியைக் கண்டவுடன் றோசா முதல்முறையாக வாயைத் திறந்தாள்.

"இதை வறுக்கிறேல்லையோ?"

"வறுக்கிறேல்லை. இது கறி இல்லை."

"கறியெண்டால் சாப்பிடலாம்," என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள்.

பெரிய சருவத்தில் தண்ணீர் கொதிக்க, பாணியை ஊற்றி, புழுக்கையைப் போட்டார்கள். இவர் றெஜானுக்குத் தன் பாண் பக்டறிப் பெருமையைச் சொல்லிக்கொண்டு நிற்க, சருவம் பொங்கி அடுப்பெல்லாம் ஓடியது. குதிரைக்குக் கொள்ளு அவித்த மணம் மூன்று மாடிக்கும் போனது. கீழ்வீட்டுக் கிழவி கதவைத் திறந்து மேலே பார்த்துச் சிலுவை போட்டாள். பிறகு சருவத்தைக் குளிக்கிற தொட்டியில் ஐஸ் தண்ணீருக்குள் இறக்கி, ஆறவிட்டு, வாளியில் ஊற்றி, ஈஸ்டைத் தூவினார்கள். வாளியின் மூடியில் வளைந்த குழாய் ஒன்று. அதற்குள் கொஞ்சம் தண்ணீர். உள்ளேயிருந்து காற்று வெளியே போகும், வெளிக்காற்று உள்ளே வராது.

இந்த ஈஸ்டுக்குச் சூடு வேண்டும் என்று றெஜான் சொல்லிவிட்டுப் போனான். மற்றப் பியருக்குக் குளிர் வேண்டுமாம், இதற்கு மட்டும் நல்ல சூடு வேண்டுமாம். அவ்வளவுதான். நீக்கிலாப்பிள்ளை தன்னுடைய மாரிக்காலக் கோட்டை எடுத்து வாளிக்குப் போட்டு, சிப்பையும் கழுத்துவரை இழுத்துவிட்டார். தொப்பி மட்டும்தான் போடவில்லை. அடுத்த கிழமை குளிர் இறங்கினபோது அவர் வெறும் சுவெற்றரோடு நடுங்கிக்கொண்டு வேலைக்குப் போனார்.

"எனக்கு ஒப்பரேசன் செய்துபோட்டுக் கிடக்கேக்கை ஒரு போர்வை இழுத்துவிடேல்லை, அக்கா," என்றாள் றோசா. "வாளிக்குச் சிப் பூட்டுறார்."

வாளி இரண்டாம் நாளே சத்தம் போடத் தொடங்கியது. புளுக், புளுக். அவர் வேலையால் வந்தவுடன் கதிரையைப் பக்கத்தில் இழுத்துப்போட்டு அதைக் கேட்டுக்கொண்டிருப்பார். ஒரு நாள் நான் போனபோது வாயில் விரலை வைத்து என்னைப் பேசாமல் இருக்கச் சொன்னார். குழந்தை நித்திரை கொள்கிற வீட்டில்கூட எனக்கு அப்படி ஒருத்தரும் சொன்னதில்லை.

சத்தம் குறைந்து நின்றது. ஞானஸ்நானத்துக்கு இரண்டு கிழமைதான் இருந்தது. இன்னும் கொஞ்சம் விட்டுப் பார் என்று றெஜான் சொல்லியிருக்கிறான். இவருக்கு எங்கே பொறுமை? போத்தலில் அடைக்க வேண்டும், பிறகு அது போத்தலுக்குள் கிடந்து நுரை பிடிக்க வேண்டும்.

போத்தலும் அவர் வாங்கவில்லை. வாங்கக் கூடாதே! வெறும் போத்தல் என்றாலும் போத்தல்தானே என்று ஆளுக்குப் பயம். தெருத் தெருவாக, குப்பை எடுக்கிற நாளில் மற்றவர்கள் வெளியே வைக்கிற பெட்டிகளைக் கிளறிப் பொறுக்கினார். பூசைக்கு வருகிற சனமெல்லாம் பார்த்தது. வெறும் போத்தலைக் கொடுத்துச் சதம் வாங்குகிற கிழவன்மார் இவரைத் தங்கள் ஆள் என்று நினைத்துக் கையாட்டினார்கள். மூடி அடிக்கிற சாமானை றெஜான் இரவல் கொடுத்தான்.

அடைக்கிற நாள் நானும் அங்கே இருந்தேன். றோசா தேத்தண்ணி தந்தாள். எங்கள் ஆட்களுக்குத் தேத்தண்ணிக்குள் சீனி போடத் தேவையில்லை. பனங்கட்டியை ஒரு கடி கடித்து, தேத்தண்ணியை ஒரு வாய் குடிக்கிறது. அஞ்சலீனா ஊருக்குப் போய் வந்தபோது ஒரு ஓலைக் குட்டான் நிறையப் பனங்கட்டி கொண்டுவந்து கொடுத்திருந்தாள். நீக்கிலாப்பிள்ளை ஒரு கடி கடித்தார், தேத்தண்ணியைக் குடித்தார், கையில் மிஞ்சின துண்டைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். ஐஸில் மீன் பிடிக்கப் போன அன்றைக்கும் அப்படித்தான் பார்த்தார்.

"றெஜான் என்ன சொன்னவன் தெரியுமோ? போத்தலுக்குக் கொஞ்சச் சீனி போட வேணுமாம். அப்பத்தான் உள்ளை இருக்கிற ஈஸ்ட் அதைத் திண்டு நுரை விடும்."

"அப்ப போடுமன். பெட்டிக்குள்ளை ஒரு பக்கெற் சீனி தந்திருக்கிறான்தானே?"

"சீனியோ!" அவர் என்னைப் படிப்பறிவில்லாதவளைப் பார்க்கிறதுபோலப் பார்த்தார். அது உண்மைதான், ஆனால் அவரும் பெரிய படிப்புப் படித்தவர் இல்லை. "மச்சாள், பெல்ஜியத்தானிட்டைப் பனை இல்லை. இருந்திருந்தால் அவன் சீனியே போட்டிருப்பான்?"

"எவ்வளவு போடப்போறீர்?"

"ஒரு கோப்பைக்கு ஒரு கடி. ஒரு போத்தலுக்கும் ஒரு கடி. இதுக்கென்ன கணக்கு?"

றெஜான் சொன்னது ஒரு சின்னக் கரண்டி அளவு, அதுவும் தட்டையாக. இவர் பாக்குவெட்டியை எடுத்துப் பனங்கட்டியை வாய் கொள்ளுகிற துண்டாக நறுக்கி, நறுக்கி, ஒவ்வொரு போத்தலின் கழுத்துக்குள்ளாலும் தள்ளினார். போகாததை ஈர்க்கால் குத்தித் தள்ளினார். மூடியை அடித்தார். "ஈஸ்டைப் பற்றி எனக்கு ஒருத்தரும் படிப்பிக்கத் தேவையில்லை. இருவது வருசமாய்ப் பாணைப் புளிக்க வைக்கிறன்," என்றார்.

"பாண் வெடிக்காது, நீக்கிலா," என்றேன். கேட்டால்தானே.

போத்தல் முழுவதையும் வாசலடி அலுமாரிக்குள் அடுக்கினார். கோட்டும் சப்பாத்தும் வைக்கிற அலுமாரி. பக்கத்தில் ஹீற்றர். சூடு நல்லது என்று றெஜான் சொன்னான்தானே. பிறகு தொலைபேசியை எடுத்து வருகிற எல்லாருக்கும் சொன்னார்: "ஒருத்தரும் போத்தல் கொண்டு வரக்கூடாது. குடிவகை எல்லாம் என்ரை. சொந்தத் தயாரிப்பு." செபஸ்தியாம்பிள்ளைக்கு இரண்டு முறை சொன்னார்.

ஞானஸ்நானம் முடிந்து மத்தியானம் எல்லாரும் வந்தார்கள். பிள்ளைக்குத் தலையில் தண்ணீர் பட்டது தவிர வேறு பிரச்சினை இல்லை. அலுமாரிக்குள் போத்தல் கிடந்ததால் சப்பாத்தெல்லாம் அலுமாரிக் கதவுக்கு முன்னால் குவிந்தது. ஞானஸ்நானம் கொடுத்த சுவாமியின் கறுப்புச் சப்பாத்து எல்லாவற்றுக்கும் மேலே இருந்தது. செபஸ்தியாம்பிள்ளை மீசைக்குச் சாயம் பூசிக்கொண்டு, சோபாவில் நடுவில் குந்தி, "எங்கை சம்மந்தியார், உங்கடை தோட்டக்காரன்ரை பியர்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். றெஜான் கழுத்துப்பட்டி கட்டி வந்திருந்தான். கையில் றோல்ஸோடு நின்று எல்லாரையும் பார்த்துச் சிரித்தான்.

நீக்கிலாப்பிள்ளை தொண்டையைச் செருமினார். மைக் இல்லாததால் நாங்கள் எழும்பி நிற்கவில்லை.

"இண்டைக்கு என்ரை பேரன் கிறிஸ்தவனாகின நாள். இந்த நாளிலை என்ரை கையாலை..."

படார்!

யன்னல் அதிர்ந்தது. அடுத்த கணம் அந்த வீட்டில் நின்றவர்கள் ஒருத்தரும் நிற்கவில்லை. எல்லாரும் நிலத்தில். சுவாமி மேசைக்குக் கீழே. செபஸ்தியாம்பிள்ளை சோபாவுக்கும் சுவருக்கும் இடையில், தலையை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு. றோசா குசினி வாசலில் குப்புறக் கிடந்தாள், கையில் சோற்றுக் கரண்டி. பிரியந்தி பிள்ளையைத் தனக்குக் கீழே போட்டு மூடிக்கொண்டு கிடந்தாள். அவள் இங்கே வரும்போது ஏழு வயது. இருந்தாலும் ஊரில் விழுந்த குண்டு உடம்புக்கு ஞாபகம் இருக்கிறது. நானும் கிடந்தேன், முழங்கால் வருத்தத்தோடு எப்படி அவ்வளவு கெதியாக விழுந்தேன் என்று தெரியாது.

"கண்ணாடிப் பக்கம் போகாதேங்கோ!" என்று யாரோ கத்தினார்கள்.

படார். படார். பிறகு ஒரு சின்ன இடைவெளி. பிறகு நாலைந்து சேர்ந்து.

நின்றது றெஜான் ஒருத்தன்தான். கையில் பாதி கடித்த றோல்ஸ். வாயைப் பிளந்துகொண்டு நிலத்தில் கிடக்கிற எங்களைப் பார்த்தான். பிறகு அலுமாரியைப் பார்த்தான். கதவுக்குக் கீழால் நுரை வந்தது. கொஞ்சமாக இல்லை, சோப்புத் தண்ணீர் கவிண்டதுபோல வந்தது. சப்பாத்துக் குவியலுக்குள் போய், அதைத் தூக்கி, சுவாமியின் கறுப்புச் சப்பாத்து ஒன்றை மெதுவாக நடுக் கூடத்துக்குக் கொண்டுவந்தது.

"பியர்," என்றான் றெஜான். "அது பியர்தான்."

ஒவ்வொருத்தராக எழும்பினோம். ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கவில்லை. உடுப்பைத் தட்டினோம். றெஜான் மட்டும் ஒரு கம்பளியை எடுத்து அலுமாரியைத் திறந்து உள்ளே போத்தலுக்கு மேலே எறிந்து, மிஞ்சின நாலைந்து போத்தலை நெருப்புத் தூக்குகிறதுபோலத் தூக்கிப் பல்கனிக்குக் கொண்டுபோனான். ஒன்றைத் திறந்து பார்த்தான். அது கூரைக்கு அடித்தது. அடியில் மிஞ்சின சொட்டை அவன் குடித்தான், என் கையிலும் தந்தான். நாக்கில் வைத்துப் பார்த்தேன். மிளகுத் தண்ணிக்குள் தீய்ந்த பனங்கட்டியைக் கரைத்ததுபோல ஒரு சாமான். றெஜான் நல்லாயிருக்கு என்றான். அவன் நல்ல பிள்ளை, பொய் சொல்வான்.

செபஸ்தியாம்பிள்ளையின் மீசைச் சாயம் சுவரில் ஒட்டியிருந்தது. அந்த மனிசன் எல்லாருக்கும் முன்னால் நிலத்தில் கிடந்துவிட்டார், அந்த வெக்கத்தை யார் மேலாவது இறக்க வேண்டும்.

"போன முறை மைக்கிலை வெடிச்சியள், சம்மந்தியார். இந்த முறை அலுமாரிக்கை," என்றார். "சரி, விளையாட்டுக் காணும். எதிரிலை டெப்பனேர்க் கடை கிடக்கு. போய் மனிசர் குடிக்கிற சாமானாய் ரண்டு பெட்டி வாங்கிக்கொண்டு வாங்கோ. வீட்டுக்காரன் குடுக்கிறதுதானே முறை? காசில்லாட்டில் நான் தாறன்."

சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்து நீட்டினார். அவருக்கு நேர்த்திக்கடன் கதை தெரியும். முழு மொன்றியலுக்கும் தெரியும்.

நீக்கிலாப்பிள்ளை அந்தத் தாளைப் பார்த்தார். பிறகு ஆம்பிளைகளைப் பார்த்தார். போத்தல் கொண்டு வராதேங்கோ என்று இவரே சொல்லி, வெறுங்கையோடு வந்து, தொண்டை காய்ந்து நிற்கிற ஆம்பிளைகள். ஒருத்தர்கூட வேண்டாம் என்று சொல்லவில்லை. சுவாமி மட்டும் ஈரக் காலுறையோடு நின்று, "பரவாயில்லை, பரவாயில்லை," என்றார். அதை ஒருத்தரும் காதில் எடுக்கவில்லை.

றோசா அறைக்குள் போனாள். திரும்பி வந்தபோது கோட்டைப் போட்டிருந்தாள், தோளில் கைப்பை. வாசலடிக் கதிரையில் போய் இருந்தாள்.

"அம்மா, இண்டைக்கு வேண்டாமே," என்றாள் பிரியந்தி.

"நான் ஒண்டும் சொல்லேல்லைப் பிள்ளை. சும்மா இருக்கிறன்."

நீக்கிலாப்பிள்ளை காசை வாங்கவில்லை. குவியலுக்குள் தன்னுடைய சப்பாத்தைத் தேடி, உள்ளே இருந்த பியரைக் கவிழ்த்து ஊற்றிவிட்டு, காலைப் போட்டார். சுவெற்றரோடு வெளிப்படியால் இறங்கினார். அவர் இறங்க இறங்கச் சளக், சளக் என்று கேட்டது.

எல்லாரும் யன்னலடிக்குப் போனோம். அவர் தெருவைக் கடந்து டெப்பனேருக்கு முன்னால் நின்றார். அந்தக் கடைக் கண்ணாடி முழுக்கப் பியர் விளம்பரம், சிவப்பும் நீலமுமாக லைற் எரியும். உள்ளே போனார். நேரம் போனது.

"பெட்டி பாரமெல்லே, தூக்கிக்கொண்டு வரவேணுமே," என்று சிரித்தார் செபஸ்தியாம்பிள்ளை.

போனால் போகட்டும், வாங்கிக்கொண்டுதான் வருவார் என்று நானும் நினைத்தேன். அந்த ஆளைப் பற்றி நல்லதாக நினைத்து எனக்குப் பழக்கமில்லை. றோசா யன்னலுக்கு வரவில்லை. கைப்பையின் வாரைப் பிடித்துக்கொண்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைக் கதவைத் திறந்துகொண்டு அவர் வெளியே வந்தார். கையில் பை இருந்தது, பாரத்தில் ஒரு பக்கம் சாய்ந்து நடந்தார். படியில் மறுபடியும் சளக், சளக். றோசா எழும்பி நின்றாள்.

கதவு திறந்தது. அவர் ஒருத்தரையும் பார்க்கவில்லை. நேரே போய்ப் பையை மேசையில் வைத்து உள்ளே இருந்ததை வெளியே எடுத்தார். இங்கே பால் பைக்குள்தான் வரும், மூன்று பையை ஒரு பெரிய பையில் போட்டு விற்பார்கள். அது ஒன்று.

"றோசா, தேத்தண்ணி போடும்," என்றார். பிறகு செபஸ்தியாம்பிள்ளையிடம், "குழந்தைப்பிள்ளையின்ரை நாள், சம்மந்தியார். இந்த வீட்டிலை இதுதான் கிடக்கு. வேறை வேணுமெண்டால் உங்கடை வீட்டை போய்க் குடியுங்கோ," என்றார்.

இரண்டு கையையும் தேய்த்துக்கொண்டார். குளிரில் என்று நினைக்கிறேன். கோட் இன்னும் அறைக்குள் வெறும் வாளிக்கு மேலே கிடந்தது.

றோசா கைப்பையைக் கதிரையில் வைத்தாள். கோட்டைக் கழற்றாமலே கேத்தலில் தண்ணீர் பிடித்து அடுப்பில் வைத்தாள். அது கொதிக்கும்வரை நின்று பார்த்துவிட்டுத்தான் கோட்டைக் கழற்றினாள்.

பனங்கட்டி கொஞ்சம் மிஞ்சியிருந்தது. தட்டில் வைத்துக் கொடுத்தாள். ஆம்பிளைகள் முகத்தை நீட்டிக்கொண்டு குடித்தார்கள். றெஜானுக்குக் கடித்துக் குடிக்கிறதை நான் செய்து காட்டினேன். செபஸ்தியாம்பிள்ளை முதலில் வேண்டாம் என்றார், பிறகு இரண்டு கோப்பை குடித்தார். சுவாமி பியர் மணக்கிற சப்பாத்தோடு மெட்றோவுக்குப் போனார். மெட்றோவில் இருந்த சனம் என்ன நினைத்திருக்குமோ தெரியாது.

எல்லாரும் போன பிறகு நான் வெறும் பால் பையை எறிய எடுத்தேன். வெளிப்பையில் விலை ஒட்டியிருந்தது. கொஞ்சத் தூரம் நடந்தால் பெரிய கடை. அங்கே அதே பால், அதே நாலு லீற்றர், ஐந்தரை டொலர்தான். இந்த விசரன் டெப்பனேர்க்காரனிடம் கொடுத்துவிட்டு வந்தது ஆறு டொலர் நாற்பத்தொன்பது சதம்.